‘போலாம் ரைட்’ சொல்ல ஆளில்லாத பஸ்
பள்ளி பஸ் ஓட்டுநர் லைசென்ஸ் பெற விரும்பும் அன்பர்களுக்கு ஒரு பாடம்

நம் ஊரில் பஸ் என்றால் இருவர். முன்னால் டிரைவர், பின்னால் கண்டக்டர். கடைசிப் பயணி படியேறி உள்ளே நின்ற பிறகு கண்டக்டரிடமிருந்து விசில் வரும், அல்லது "போலாம் ரைட்!" என்ற குரல் வரும். அதற்குப் பிறகுதான் டிரைவர் வண்டியை எடுப்பார். பின்னால் யார் தொங்குகிறார்கள், யார் ஓடி வருகிறார்கள் என்பதெல்லாம் கண்டக்டரின் பொறுப்பு.

இங்கே காலையில் நம் வீட்டுப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் மஞ்சள் பஸ்ஸில் பெரும்பாலும் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள் செல்லும் பஸ்களில் உதவியாளர் இருப்பதுண்டு. மற்ற பஸ்களில் ஓட்டுகிறவரே எண்ணுகிறார், ஓட்டுகிறவரே கண்ணாடியைப் பார்க்கிறார், ஓட்டுகிறவரே தமக்குத் தாமே ‘ரைட்’ சொல்லிக்கொள்கிறார். அந்த ‘ரைட்’ தவறினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இந்த லைசென்ஸுக்கான தேர்வுகள் பலவாக இருந்தாலும், அவை அனைத்தும் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: சீட்டில் உட்கார்ந்தபடி உங்களால் பார்க்க முடியாததை எப்படிப் பார்ப்பீர்கள்?

இந்தப் பாடத்தை எழுதக் காரணம் உண்டு. சனிக்கிழமைகளில் பிள்ளைகள் தமிழ் வகுப்பில் இருக்கும் நேரத்தில், பக்கத்து அறையில் நாங்கள் சிலர் கூடி ஓட்டுநர் கையேட்டைப் படிக்கத் தொடங்கினோம். ஒரு மாமியின் பிள்ளைகள் இருவரும் கல்லூரிக்குப் போய்விட்டார்கள்; பகலெல்லாம் வீடு வெறிச்சென்றிருக்கிறது என்றார். ஒரு தம்பிக்குக் கம்ப்யூட்டர் வேலை போய்விட்டது. குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும் என்றார். ஒரு பெரியவர் ஓய்வு பெற்றவர். காலையில் நேரத்தோடு எழுந்து செய்ய ஏதாவது வேலை வேண்டும் என்றார். படித்ததையும் பட்டதையும் சேர்த்து இங்கே தருகிறோம்.

1. இது எந்த லைசென்ஸ்?

சாதாரணக் கார் லைசென்ஸ் போதாது. கமர்ஷியல் டிரைவர் லைசென்ஸ், சுருக்கமாக சி.டி.எல்., வேண்டும். 1986ல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தின்படி, 1992 ஏப்ரல் 1 முதல் பெரிய வண்டி ஓட்டும் எல்லோருக்கும் இது கட்டாயமாயிற்று. அதற்கு முன்பு பல மாநிலங்களில் கார் லைசென்ஸ் வைத்திருப்பவரே லாரியும் பஸ்ஸும் ஓட்டலாம் என்ற நிலை இருந்தது.

முழு அளவுப் பள்ளி பஸ்ஸுக்குப் பொதுவாக ‘பி’ வகுப்பு சி.டி.எல். தேவை. 26,001 பவுண்டு அல்லது அதற்கு மேல் மொத்த எடை மதிப்புள்ள வண்டிகள் இந்த வகுப்பில் வரும். அதோடு இரண்டு கூடுதல் அனுமதிகள் வேண்டும். ஒன்று பயணிகளை ஏற்றுவதற்கான ‘பி’ எழுத்து. மற்றொன்று பள்ளி பஸ்ஸுக்கான ‘எஸ்’ எழுத்து. வகுப்பும் ‘பி’, பயணிகள் அனுமதியும் ‘பி’ என்று தமிழில் ஒன்றுபோல் ஒலிக்கும். முதலாவது ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்து, அடுத்தது பதினாறாம் எழுத்து, குழப்பிக்கொள்ள வேண்டாம். நம் ஊரில் ஹெவி லைசென்ஸ் எடுத்த பின்னும் தனியாக ‘பேட்ஜ்’ வாங்க வேண்டுமல்லவா? ஏறக்குறைய அதே மாதிரிதான் இதுவும்.

ஓட்டுநரையும் சேர்த்து 16 பேர் அல்லது அதற்கு மேல் உட்காரும்படி அமைந்த வண்டியானால், அது எடை குறைந்ததாக இருந்தாலும் கூட்டாட்சி விதிப்படி சி.டி.எல். வேண்டும். விழாக் காலங்களில் பெரியவர்களை அழைத்துவர வேன் ஏற்பாடு செய்யும் தொண்டர்கள் இந்த எண்ணிக்கையை மனத்தில் கொள்ள வேண்டும்.

2. யார் விண்ணப்பிக்கலாம்?

நியூஜெர்சியில் பள்ளி பஸ் ஓட்ட 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். 3 ஆண்டு கார் ஓட்டிய அனுபவமும் வேண்டும். கைரேகை எடுத்து, குற்றப் பின்னணி ஏதும் உண்டா என்று பார்ப்பார்கள். பிள்ளைகளை ஒப்படைக்கும் வேலை என்பதால் இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் விண்ணப்பிக்கத் தடையில்லை. வேலை விசாவிலோ, துணைவரின் விசாவைச் சார்ந்த வேலை அனுமதியிலோ இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். 2025 செப்டம்பரில் கூட்டாட்சிப் போக்குவரத்துத் துறை இந்தப் பிரிவினருக்கான சி.டி.எல். விதிகளை மிகவும் இறுக்கியது. அது நீதிமன்றம் வரை சென்றது. எனவே அன்பர்களே, பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன் உங்கள் குடியேற்றத் தாள்களை எடுத்துக்கொண்டு மாநில லைசென்ஸ் அலுவலகத்துக்கே நேரில் சென்று கேளுங்கள். "இன்னாருக்குக் கிடைத்ததாம்" என்ற பேச்சை நம்பிப் பணத்தை இழக்க வேண்டாம்.

ஆங்கிலம் பற்றிப் பலருக்குத் தயக்கம். வண்டியைச் சோதித்துக் காட்டும் தேர்வும் ஓட்டுதல் தேர்வும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். மொழிபெயர்ப்பாளரை அழைத்துச் செல்ல முடியாது. ஆனால் அங்கே இலக்கண ஆங்கிலத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. பலகைகளைப் படிக்கவும், சொன்னதைப் புரிந்துகொள்ளவும், பாகங்களின் பெயரைத் தெளிவாகச் சொல்லவும் தெரிந்தால் போதும்.

3. உடல் பரிசோதனையும் கசகசாவும்

மருத்துவரிடம் உடல் தகுதிச் சான்று பெற வேண்டும். கூட்டாட்சி அளவுகோலின்படி ஒவ்வொரு கண்ணிலும் 20/40 பார்வை இருக்க வேண்டும். கண்ணாடி அணிந்து அந்த அளவு வந்தாலும் சரியே. 5 அடி தூரத்திலிருந்து அழுத்தமாகக் கிசுகிசுத்தால் காதில் விழ வேண்டும்; காது கேட்கும் கருவி பொருத்திக்கொள்ளலாம். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் நம்மவர்களுக்குச் சொந்தச் சொத்து போல ஆகிவிட்டன. அவை கட்டுப்பாட்டில் இருந்தால் பயப்பட வேண்டாம். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு முன்பு தனி விலக்கு வாங்க வேண்டியிருந்தது. 2018ல் விதி மாறி, சிகிச்சை தரும் மருத்துவரின் படிவத்தோடு பரிசோதனைக்குச் செல்ல வழி பிறந்தது.

போதைப்பொருள் சோதனை வேலையில் சேரும் முன்பும் உண்டு. சேர்ந்த பிறகு முன்னறிவிப்பின்றியும் வரும். 2020 ஜனவரி முதல் இதற்கென்று நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு இருக்கிறது. ஒரு மாநிலத்தில் தவறியவர் அடுத்த மாநிலத்தில் மறைக்க முடியாது. நம் வீட்டுச் சமையலறையையும் இதில் சேர்த்துப் பார்க்க வேண்டும். கசகசாவில் இயற்கையாகவே மார்ஃபின் சிறிதளவு ஒட்டியிருக்கும். அதை உண்டவர்கள் அகப்பட்டுக்கொள்வதைத் தவிர்க்கவே 1998ல் சோதனையின் வரம்பு உயர்த்தப்பட்டது. ஆயினும் சோதனைக்காலத்தில் கசகசா அரைத்த குருமாவையும் பாயசத்தையும் தள்ளிவைப்பது நல்லது.

அரிஷ்டமும் அப்படியே. ஊரிலிருந்து வரும் தசமூலாரிஷ்டம் போன்றவை புளிக்கவைத்துச் செய்வன. அவற்றில் ஆல்கஹால் உண்டு. பெரிய வண்டி ஓட்டுபவருக்கு இரத்தத்தில் 0.04 சதவீதம்தான் எல்லை. கார் ஓட்டுபவருக்கு உள்ள 0.08ல் பாதி. வேலைக்கு முந்தைய 4 மணி நேரத்தில் ஒரு சொட்டும் கூடாது. "மருந்துதானே" என்ற பதில் அங்கே செல்லாது.

4. எழுத்துத் தேர்வும் பயிற்சியும்

முதலில் கற்றுக்கொள்வதற்கான பர்மிட். நம் ஊர் எல்.எல்.ஆர். போன்றது. இதற்கு நான்கு பகுதிகளில் எழுத்துத் தேர்வு: பொது அறிவு, ஏர் பிரேக், பயணிகள், பள்ளி பஸ். ஒவ்வொன்றிலும் 80 சதவீதம் எடுக்க வேண்டும். மாநிலக் கையேடு இலவசமாகக் கிடைக்கிறது. கேள்விகள் அதிலிருந்தே வரும்.

பர்மிட் கிடைத்து குறைந்தது 14 நாள் கழிந்த பிறகே ஓட்டுதல் தேர்வுக்குப் போகலாம். பர்மிட் காலத்தில் உரிய லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பிள்ளைகளை ஏற்றக் கூடாது. 2022 பிப்ரவரி 7 முதல் இன்னொரு கட்டாயமும் உண்டு. புதிதாக இந்த லைசென்ஸோ, பயணிகள் அனுமதியோ, பள்ளி பஸ் அனுமதியோ பெறுபவர்கள், கூட்டாட்சிப் பதிவேட்டில் இடம்பெற்ற பயிற்சியாளரிடம் முறையாகப் படித்திருக்க வேண்டும். பதிவில் இல்லாதவரிடம் எத்தனை நாள் ஓட்டிப் பழகியிருந்தாலும் கணக்கில் வராது. பஸ் ஓட்டுநர்களுக்குப் பல ஊர்களில் தட்டுப்பாடு இருப்பதால், பள்ளி நிர்வாகங்களும் பஸ் நிறுவனங்களும் தாங்களே இந்தப் பயிற்சியை அளிப்பதுண்டு. சில இடங்களில் பயிற்சிக் காலத்துக்குச் சம்பளமும் தருகிறார்கள். அவர்களிடம் முதலில் விசாரியுங்கள்.

மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு உண்டு. கலிஃபோர்னியாவில் லைசென்ஸோடு தனிச் சான்றிதழ் ஒன்றும் வேண்டும். வகுப்பறையில் 20 மணி நேரம், வண்டியில் 20 மணி நேரம் என்று குறைந்தது 40 மணி நேரப் பயிற்சி. தேர்வை நெடுஞ்சாலைப் போலீசாரே நடத்துகிறார்கள். டெக்சாஸில் 20 மணி நேரச் சான்றிதழ் வகுப்பு. பிறகு 3 ஆண்டுக்கு ஒருமுறை 8 மணி நேரப் புதுப்பித்தல். இட மாற்றம் ஏற்படும் குடும்பங்கள், ஒரு மாநிலத்தின் பள்ளி பஸ் தகுதி அடுத்த மாநிலத்தில் அப்படியே செல்லும் என்று எண்ணிவிட வேண்டாம்.

5. வண்டியைச் சுற்றி வருதல்

ஓட்டுதல் தேர்வு மூன்று பகுதி. முதலாவது, பஸ்ஸைச் சோதித்துக் காட்டுவது. பெரும்பாலோர் தடுக்கி விழுவது இதில்தான். விளக்கு, கண்ணாடி, டயர், ஸ்பிரிங், பிரேக் குழாய், அவசரக் கதவு, சீட், தரை என்று ஒவ்வொன்றையும் தொட்டு அல்லது சுட்டி, "விரிசல் இல்லை, வளையவில்லை, கசிவு இல்லை" என்று ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனத்துக்குள் பார்த்தால் மதிப்பெண் இல்லை. முன் டயரின் பள்ளம் ஓர் அங்குலத்தில் 32ல் 4 பங்குக்குக் குறையக் கூடாது. மற்ற டயர்களுக்கு 32ல் 2 பங்கு.

ஏர் பிரேக் சோதனை தனிப் பாடம். இன்ஜினை நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, கால் பிரேக்கை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால், காற்றழுத்தம் 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கக் கூடாது. பிறகு பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் அழுத்தம் குறைந்துகொண்டே வரும். 55க்குக் கீழே போவதற்குள் எச்சரிக்கை மணி ஒலிக்க வேண்டும். 20க்கும் 45க்கும் இடையில் பார்க்கிங் பிரேக்கின் குமிழ் தானாக வெளியே வந்து வண்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பல மாநிலங்களில் இந்த ஒரு சோதனையை விட்டாலே அன்றைய தேர்வு முடிந்தது.

"இத்தனையையும் வாயால் ஒப்பிக்க வேண்டுமா? மெக்கானிக் பார்க்க மாட்டாரா?" என்று எங்கள் வகுப்பில் அந்தத் தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் நம் ஊரிலேயே இருக்கிறது. 2012 ஜூலை 25 அன்று சென்னையை அடுத்த தாம்பரம் பகுதியில், இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பள்ளி பஸ்ஸின் தரையிலிருந்த ஓட்டை வழியே சாலையில் விழுந்து உயிரிழந்தாள். உயர் நீதிமன்றம் தானாகவே அந்த வழக்கை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. அன்று காலையில் யாராவது ஒருவர் சீட்டுகளுக்கிடையே நடந்து, தரையைப் பார்த்து, "இதோடு வண்டியை எடுக்க மாட்டேன்" என்று சொல்லியிருந்தால்? இதைச் சொன்ன பிறகு தம்பி அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. சீட்டும் தரையும் வந்த இடத்தில் மட்டும் குரலை உயர்த்தியே சொல்லிப் பழகினார்.

ஒரு யோசனை: பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, பஸ்ஸின் முன்பக்கத்தில் தொடங்கி எப்போதும் ஒரே திசையில் சுற்றி வரப் பழகுங்கள். பிரகாரம் சுற்றும்போது அடுத்தது எந்தச் சன்னிதி என்று யோசிப்பதில்லை அல்லவா? கால் நடந்தால் வாய் தானே சொல்லும்.

இரண்டாவது பகுதி, கூம்புகளுக்கிடையே பின்னோக்கி ஓட்டுவது முதலியன. நம் ஊரில் ‘எட்டு’ போடுவதுபோல் இதற்கும் கோடுகள் உண்டு. ஐயம் வந்தால் வண்டியைப் பிரேக்கில் நிறுத்தி, இறங்கிப் பார்க்க அனுமதி உண்டு. எத்தனை முறை என்பதற்குக் கணக்கும் உண்டு. கூச்சப்படாமல் இறங்கிப் பாருங்கள். மூன்றாவது, சாலையில் ஓட்டுவது. ஆட்டோமேட்டிக் கியர் பஸ்ஸில் தேர்வு கொடுத்தால் கையால் கியர் மாற்றும் பெரிய வண்டியை ஓட்டக் கூடாது என்று லைசென்ஸில் குறிப்பு வரும். பள்ளி பஸ்களில் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் என்பதால் அது இடைஞ்சலாவதில்லை.

6. நீளத்தை மறவாமை, வழி தவறினால் பதறாமை

காரில் பழகியவர்களுக்குப் பஸ்ஸின் பின்பகுதி மறந்துபோகும். 1995 அக்டோபர் 25 அன்று இல்லினாய் மாநிலத்தின் ஃபாக்ஸ் ரிவர் குரோவ் என்ற ஊரில், சிவப்பு விளக்குக்காக நின்ற பள்ளி பஸ்ஸின் வால் பகுதி ரயில் பாதையை விட்டு முழுதும் விலகவில்லை. ரயில் மோதி 7 மாணவர்கள் இறந்தார்கள். முன்னால் தண்டவாளம் வந்தால், அதற்கு 15 அடிக்குக் குறையாமலும் 50 அடிக்கு மிகாமலும் நின்று, கதவையும் ஜன்னலையும் திறந்து, பார்த்து, காது கொடுத்துக் கேட்க வேண்டும். அந்தப் பக்கம் முழு பஸ்ஸுக்கும் இடமிருந்தால் மட்டுமே கடக்க வேண்டும்.

நியூஜெர்சி அன்பர்களுக்கு 2018 மே 17 நினைவிருக்கும். பராமஸ் ஊர்ப் பிள்ளைகள் சுற்றுலா சென்ற பஸ், 80ஆம் எண் நெடுஞ்சாலையில் வழி தவறி, பொதுமக்கள் பயன்படுத்தக் கூடாத நடு இடைவெளி வழியே திரும்ப முயன்றது. டம்ப் டிரக் மோதி ஒரு மாணவியும் ஓர் ஆசிரியையும் உயிரிழந்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில், புதிய பள்ளி பஸ்களில் இடுப்போடு தோளையும் பிடிக்கும் பெல்ட் வேண்டும் என்று நியூஜெர்சி சட்டம் இயற்றியது. ஓட்டுநருக்கு இதில் உள்ள பாடம் எளியது. வழி தவறினால் அடுத்த வெளிவழி வரை செல்லுங்கள். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

7. பத்து அடி

பஸ்ஸைச் சுற்றி நான்கு பக்கமும் 10 அடி அபாய வட்டம். முன்பக்கம் அது 30 அடி வரை நீளலாம். அதிலும் முதல் 10 அடி மிகக் கொடியது. உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்கு, பம்பரை ஒட்டி நிற்கும் சிறு பிள்ளை நேர் பார்வையில் தெரியாது. கையிலிருந்த காகிதம் பறந்து அதை எடுக்கக் குனிந்தாலோ, கண்ணாடியிலும் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

அதனால் முறை இப்படி: நிறுத்தத்துக்கு முன்பே மஞ்சள் விளக்கு. காத்திருக்கும் பிள்ளைகளுக்கு 10 அடி முன்பே பஸ் நிற்க வேண்டும்; அவர்கள் பஸ்ஸை நோக்கி நடந்து வந்தால் எல்லோரையும் பார்த்துவிடலாம். பார்க்கிங் பிரேக். சிவப்பு விளக்கு. எல்லாக் கார்களும் நின்றுவிட்டனவா என்று பார்த்த பிறகே பிள்ளைகளுக்குச் சைகை. இறங்கும்போது எண்ணுங்கள், நடைபாதைக்குப் போன பின்னும் எண்ணுங்கள். துப்பட்டா நுனியோ பையின் வாரோ கைப்பிடியில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

எண்ணிக்கை ஒன்று குறைந்தால்? கையேடு சொல்வது இதுதான்: வண்டியை நகர்த்தாதே. பிரேக்கைப் போட்டு, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கு. பஸ்ஸைச் சுற்றிப் பார், அடியிலும் பார். கலிஃபோர்னியாவில் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் சாலையைக் கடக்க வேண்டுமானால், ஓட்டுநரே பலகையைப் பிடித்து இறங்கி வந்து கடத்திவிட வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. நியூஜெர்சியில் சிவப்பு விளக்கு எரியும் பள்ளி பஸ்ஸுக்குக் குறைந்தது 25 அடி முன்பே கார் நிற்க வேண்டும். நடுவில் தடுப்புள்ள சாலையில் எதிர்த்திசையில் வந்தால் மணிக்கு 10 மைலுக்குக் குறைக்க வேண்டும். பூஜைக்கு நேரமாகிவிட்டது என்பது காரணமாகாது.

8. கடைசி சீட்டு வரை நடப்பது

வேலை முடிந்து பஸ்ஸை நிறுத்தியதும், கடைசி வரிசை வரை நடந்து ஒவ்வொரு சீட்டையும் அதன் அடியையும் பார்க்க வேண்டும். தூங்கிவிட்ட பிள்ளை உள்ளேயே இருந்துவிடக் கூடாது. நியூஜெர்சிச் சட்டப்படி இதில் தவறிப் பிள்ளையை விட்டுவிட்டால் முதல் முறை 6 மாதம் ‘எஸ்’ அனுமதி போகும். இரண்டாம் முறை நிரந்தரமாகப் போகும். கலிஃபோர்னியாவில் 2015ல் விட்டியர் நகரில் சிறப்புத் தேவையுள்ள 19 வயது மாணவர் ஒருவர் வெயில் நாளில் பஸ்ஸிலேயே விடப்பட்டு இறந்தார். மறு ஆண்டு வந்த சட்டத்தால், ஓட்டுநர் பஸ்ஸின் பின்கோடி வரை நடந்து சென்று ஒரு பொத்தானை அமுக்கினால்தான் ஓயும் எச்சரிக்கைக் கருவி அங்கே பஸ்களில் வந்தது.

எங்கள் மாமி எழுத்துத் தேர்வில் எல்லாவற்றிலும் முதல் தடவையே தேறினார். பயிற்சியின் மூன்றாம் வாரம். நல்ல மழை, எல்லோருக்கும் வீடு திரும்பும் அவசரம். அவரும் பாதி தூரம் நடந்து, எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டார். பயிற்சியாளர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், கடைசி சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு குழந்தை பொம்மையை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார். காலையிலேயே அதை அங்கே வைத்திருந்தாராம்.

அன்று இரவு மாமி எங்களுக்குத் தொலைபேசியில் சொன்னார்: "இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் நான். எனக்கா இதெல்லாம் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். இந்த வேலை எனக்கு வேண்டாம்." அந்தப் பெரியவர்தான் பேசினார்: "அம்மா, பொம்மையைத்தான் விட்டீர்கள். இனிப் பிள்ளையை விடமாட்டீர்கள். நாளைக்குப் போங்கள்."

போனார். ஓட்டுதல் தேர்வில் முதல் முறை ஏர் பிரேக்கில் தவறி, இரண்டாம் முறை தேறினார். இப்போது தினமும் விடியுமுன் எழுந்து வண்டி எடுக்கிறார். கடைசி சீட்டைக் கையால் தொட்ட பிறகே திரும்புவது அவர் வழக்கம்.

9. "டிரைவர் வேலையா?"

மாமியின் வீட்டிலேயே இந்தக் கேள்வி எழுந்தது. எம்.எஸ்ஸி. படித்துவிட்டு பஸ் ஓட்டுவதா என்று ஊரிலிருந்து உறவினர் கேட்டார்களாம். நாங்கள் பதில் வாதம் செய்யப் போவதில்லை. ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். நாம் ஒவ்வொருவரும் காலையில் நம் வீட்டின் மிகப் பெரிய செல்வத்தை, பெயர்கூடத் தெரியாத ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போகிறோம். அவரைப் பற்றி நாம் எதிர்பார்ப்பது என்ன? அந்தத் தகுதி நம்மில் ஒருவருக்கு இருக்கிறதென்று மாநிலமே சான்று தந்தால், அது குறைவா?

நடைமுறையையும் மறைக்கக் கூடாது. காலையும் பிற்பகலும் வேலை, நடுவில் இடைவெளி. கோடையில் வருமானம் குறையலாம். மருத்துவக் காப்பீடு எல்லா இடத்திலும் கிடைக்காது. எத்தனை மணி நேர வேலைக்குக் கிடைக்கும் என்று சேருமுன் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தம்பி அப்படிக் கேட்டுத்தான் ஓரிடத்தை விட்டு வேறிடம் சேர்ந்தார்.

10. பயிற்சி வினாக்கள்

பதிலை மறைத்துக்கொண்டு முயன்று பாருங்கள்.

வினா: ஓட்டுநரையும் சேர்த்து 15 பேர் உட்காரும் வேன். பயணிகள் எண்ணிக்கையை வைத்து மட்டும் பார்த்தால் கூட்டாட்சி விதிப்படி சி.டி.எல். தேவையா?
விடை: இல்லை. 16 முதல் தேவை. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றினால் மாநில விதியைத் தனியே கேட்க வேண்டும்.

வினா: பர்மிட் வாங்கி 10 நாள் ஆகிறது. ஓட்டுதல் தேர்வுக்குப் போகலாமா?
விடை: கூடாது. குறைந்தது 14 நாள்.

வினா: கால் பிரேக்கை அழுத்திய ஒரு நிமிடத்தில் காற்றழுத்தம் 5 பி.எஸ்.ஐ. இறங்கியது. என்ன செய்வீர்கள்?
விடை: கசிவு இருக்கிறது. பழுது பார்க்கும் வரை வண்டியை எடுக்கக் கூடாது.

வினா: தண்டவாளத்துக்கு அப்பால் சிவப்பு விளக்கு, அங்கே பாதி பஸ்ஸுக்கே இடமிருக்கிறது. ரயில் எதுவும் தெரியவில்லை. கடக்கலாமா?
விடை: கூடாது. முழு பஸ்ஸுக்கும் இடம் கிடைக்கும் வரை இந்தப் பக்கமே நிற்க வேண்டும்.

வினா: ஆறு பிள்ளைகள் இறங்கினார்கள். நடைபாதையில் ஐவர் தெரிகிறார்கள். பின்னால் கார்க்காரர் ஹாரன் அடிக்கிறார். என்ன செய்வீர்கள்?
விடை: ஹாரன் அடிக்கட்டும். பிரேக், சாவி, இறங்கிப் பார்த்தல். ஆறாவது பிள்ளையைக் கண்ணால் கண்ட பிறகே புறப்பாடு.

ஐந்தாவது வினாவுக்கு யோசிக்காமல் பதில் வந்துவிட்டால், மற்றவற்றைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். படிக்க விரும்பும் அன்பர்கள் சனிக்கிழமை தமிழ் வகுப்பு நேரத்தில் பக்கத்து அறைக்கு வாருங்கள். கையேட்டின் பிரதிகள் வைத்திருக்கிறோம், காபியும் உண்டு. மாமியும் வருவார், அந்தப் பொம்மையையும் அவர் பயிற்சியாளரிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார்.